பிள்ளை முன்னே, பெற்றோர் பின்னே

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜான்ஸ்டன் வாயிலில் நிற்கிறேன். உள்ளே நுழையும் கூட்டத்தில் முதலாண்டு மாணவர்களின் வீட்டார் யார் என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிள்ளை பத்தடி முன்னால் போகிறது. அப்பாவும் அம்மாவும் அண்ணாந்து பார்த்தபடி பின்னால் வருகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் இதே வழியில் பெட்டிகளைச் சுமந்துகொண்டு முன்னால் போனவர்கள் அவர்கள்தான். இடையில் ஓரிரு மாதங்கள் ஓடிவிட்டன. மேப்பிள் மரங்கள் சிவந்துவிட்டன. பெற்றோரை அழைத்து வளாகத்தைக் காட்டும் வார இறுதி வந்துவிட்டது.

"இதுதான் மாசசூசெட்ஸ் ஹால். 1720-இல் கட்டியது" என்கிறாள் ஒரு பெண், தானே கட்டியது போன்ற தோரணையில். அப்பா செங்கல் சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். அம்மா கட்டடத்தைப் பார்க்கவே இல்லை. மகள் போட்டிருக்கும் மெல்லிய சட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

யார்டு என்று எல்லோரும் சொல்லும் புல்வெளி முற்றத்தில் வண்ண வண்ண நாற்காலிகள் கிடக்கின்றன. ஜான் ஹார்வர்டு சிலையைச் சுற்றி வழக்கமான சுற்றுலாக் கூட்டம். பலரும் தொட்டுத் தொட்டு அதன் பாதம் பளபளவென்று இருக்கிறது. மாணவர்கள் அங்கே நிற்காமல் பெற்றோரை இழுத்துக்கொண்டு போகிறார்கள். காட்டுவதற்கு அவர்களிடம் வேறு இடங்கள் இருக்கின்றன.

தேயர் விடுதி வாசலில் ஒரு தந்தை மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். மகளின் சைக்கிள் செயின் கழன்றிருக்கிறது. "கடையில் கொடுத்துச் சரிசெய்துகொள்கிறேன் அப்பா" என்கிறாள். அவர் காதில் விழவில்லை. கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, பல்சக்கரத்தில் செயினைக் கோக்கிறார். விரலெல்லாம் கறுப்பு மசகு. காலையிலிருந்து பேச்சரங்கம், அறிமுகக் கூட்டம் என்று உட்கார்ந்தே இருந்த மனிதருக்கு ஒருவழியாக ஒரு வேலை கிடைத்துவிட்டது. மகள் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. அவர் முடித்துவிட்டு பெடலைச் சுற்றிக் காட்டியபோது, "பின்பக்க பிரேக்கும் கொஞ்சம் லூசாக இருக்கிறது" என்றாள். அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

நாற்காலியில் உட்கார்ந்த ஓர் அம்மா கேட்கிறார்: "வேதியியல் தேர்வு என்ன ஆயிற்று?" மகன் மரத்தில் ஏறும் அணிலைக் காட்டுகிறான். அந்த அம்மா கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேட்டாலும் பொதுவாக மதிப்பெண் கிடைக்காது. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மதிப்பெண் ஏட்டின் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்குப் போய்விடுகிறது. 1974-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அப்படி. பதினெட்டு வயதுப் பிள்ளையை நம்பும் நல்ல சட்டம் அது. ஆனால் அந்த அம்மா கேட்டது மதிப்பெண்ணை அல்ல. சற்றுப் பொறுத்து அவனே, "முதல் தேர்வு மோசம். இரண்டாவது பரவாயில்லை" என்று சொன்னதும், அவர் சாய்ந்து உட்கார்ந்து அணிலைப் பார்த்தார்.

யார்டுக்கு வடக்கே மெமோரியல் ஹால். ஒரு பக்கம் அனென்பர்க் கூடம், 1996 முதல் முதலாண்டு மாணவர்களின் சாப்பாட்டு இடம். மறுபக்கம் சாண்டர்ஸ் அரங்கு. நடுவில் இருக்கும் உயரமான நடைக்கூடத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு அணிக்காக உயிர்விட்ட 136 ஹார்வர்டுக்காரர்களின் பெயர்கள் வெள்ளைப் பளிங்கில் வெட்டப்பட்டிருக்கின்றன. தெற்குப் படையில் சேர்ந்து இறந்தவர்களின் பெயர்கள் இங்கே இல்லை. தினமும் மூன்று வேளையும் சாப்பிடப் போகிற பிள்ளைகள் இவற்றைக் கடந்தே போகிறார்கள். பழகிய கண்கள் நின்று படிப்பதில்லை. இன்று வந்திருக்கும் பெற்றோர் நின்று படிக்கிறார்கள். தலை நரைத்த ஒருவர் விரலை நீட்டி ஒவ்வொரு பெயராக இறங்குகிறார். பெயர்களுக்கு நடுவே ராபர்ட் கூல்டு ஷா இருக்கிறார். கறுப்பின வீரர்களைக் கொண்ட 54-ஆவது மாசசூசெட்ஸ் படைக்குத் தலைமை தாங்கியவர். 1863 ஜூலையில் வாக்னர் கோட்டையைத் தாக்கியபோது இறந்தார், வயது 25. எதிரிகள் அவரை அவருடைய வீரர்களோடு ஒரே குழியில் போட்டார்கள். உடலை எடுத்துக் கொண்டுவரலாம் என்ற பேச்சு வந்தபோது தந்தை வேண்டாம் என்றுவிட்டார். தன் வீரர்களோடு கிடக்கும் இடமே மகனுக்குத் தகுந்தது என்றார். மகன் தேர்ந்தெடுத்த இடத்தை அந்த மனிதர் மாற்றவில்லை. இந்த வளாகத்தில் நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு அப்பாவிடமும் இதைச் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. சொல்லவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தின் பெயரும் ஒரு மகனுடையதுதான். பத்திரிகை அதிபர் வால்டர் அனென்பர்கின் மகன் ரோஜர், 1962-ஆம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்தவர். அந்த ஆண்டிலேயே மறைந்தார். யார்டின் தெற்கே நிற்கும் வைடனர் நூலகமும் அப்படியே. ஹாரி வைடனர் 1907-இல் இங்கே பட்டம் பெற்றவர்; புத்தகம் சேர்ப்பதில் பித்து. 1912-இல் டைட்டானிக் கப்பலோடு அவரும் தந்தையும் மூழ்கினார்கள். உயிர்காப்புப் படகில் தப்பிய தாய் எலினார் மகன் பெயரில் நூலகம் எழுப்பினார், 1915-இல் திறந்தார்கள். ஹாரி சேர்த்த புத்தகங்கள் உள்ளே தனி அறையில் இருக்கின்றன. ஆக, இந்தப் பிள்ளைகள் உண்ணும் கூடமும் படிக்கும் நூலகமும் பெற்றோர் இழந்த பிள்ளைகளின் பெயரைத் தாங்கியவை. வைடனர் படிக்கட்டில் உட்கார்ந்து காலை அமுக்கிவிட்டுக்கொள்ளும் தாய்மார்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. "புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று உள்ளே போன மகள் இன்னும் வரவில்லை. ஒரு தாய் எழுந்து நின்று கதவைப் பார்க்கிறார்.

எல்லோர் வீட்டாரும் வந்துவிடவில்லை. 2025-26 கல்வியாண்டு முதல், ஆண்டு வருமானம் 1,00,000 டாலருக்கு மிகாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இங்கே படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். உயர்ந்த காரியம். ஆனால் மணிக்கூலி வேலையில் இருக்கும் ஒரு தாய்க்கு வெள்ளிக்கிழமை விடுப்பு யார் தருவார்கள்? சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று தனியார் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் இந்த நாட்டில் கிடையாது. பல்கலைக்கழகம் கட்டணத்தைத் தள்ளுபடி செய்த பிள்ளையைப் பார்க்க, தேசம் இரண்டு நாள் தராமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்படி வீட்டார் வராத ஒருவன் நீல நாற்காலியில், அறைத்தோழனின் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறான். தோழனின் அம்மா தன் மகனுக்குப் பிரித்த அதே டப்பாவிலிருந்து இவனுக்கும் கேக் வைக்கிறார். இவனுடைய கைப்பேசி அடிக்கிறது. திரையில் ஓர் அம்மா, வேலைச் சீருடையோடு. டெக்சாஸில் இருக்கிறாராம், இடைவேளை பதினைந்து நிமிடமாம். ஸ்பானிய மொழியில் படபடவென்று பேசுகிறார்.

"என்ன சொல்கிறார் உன் அம்மா?"

"கேக்குக்கு நன்றி சொல்லச் சொல்கிறார். நான் இளைத்துவிட்டேனா என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறார்."

தோழனின் அம்மா கைப்பேசியை வாங்கி, அவனைத் தலை முதல் கால்வரை படம்பிடித்துக் காட்டுகிறார். இருவரும் ஆளுக்கொரு மொழியில் அவன் எடையைப் பற்றிப் பேசுகிறார்கள். பிறகு திரையில் இருப்பவர் வேறேதோ கேட்கிறார். அவன் எழுந்துகொண்டான்.

"சாப்பிடும் இடத்தைக் காட்டச் சொல்கிறார். இன்னும் ஒன்பது நிமிடம்தான் இருக்கிறது!" என்று கைப்பேசியை முன்னால் நீட்டிக்கொண்டு மெமோரியல் ஹாலை நோக்கி ஓடுகிறான். அந்தக் குடும்பம் முழுவதும் டப்பாவை மூடிக்கொண்டு அவன் பின்னால் விரைகிறது.