கடைசலுக்கு முன் ஒரு பிடி

புரட்டாசி மழை விழுந்தால் வரப்போரம் குப்பைக்கீரையும் தொய்யக்கீரையும் தழைத்துவிடும். மானாவாரிக் காட்டில் குடியிருக்கும் பாட்டி ஒருவர், கடைசலுக்குக் கீரை ஆயும்போதே ஒரு பிடியைத் தனியே வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, காவல் நாயின் சோற்றில் முட்டையோடு பிசைந்து வைப்பார். வாரம் ஒருமுறைதான்.

மீந்த கடைசலையே ஊற்றலாமே என்றான் பேரன். அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சோர்வும் வெளுத்த ஈறும் சில நாள் கழித்துத்தான் தெரியவரும். வேகவைத்த நீரை வடிப்பதும் காரணத்தோடுதான்: கீரையின் ஆக்சாலிக் அமிலத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

பக்கத்துக் காட்டில் களைக்கொல்லி அடித்த வருஷம், வரப்புக் கீரை எவ்வளவு செழித்தும் பாட்டி தொடவில்லை. வீட்டுக்கும் இல்லை, நாய்க்கும் இல்லை.