ஓயாத சக்கரம்

சென்ற கோடை விடுமுறைக்கு நம் இல்லம் வந்திருந்த பேரன், ஒரு மாலையில் கிணற்றுமேட்டில் நெடுநேரம் நின்றான். குழாயினின்று நீர் தொட்டியில் பாய்ந்து விழுவதைப் பார்த்தவாறே, "தாத்தா, தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு சக்கரம் வைத்து, அதில் மின்சாரம் எடுத்து, அதையே மோட்டாருக்குக் கொடுத்துவிட்டால் என்ன? மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நீங்கள் நடுச்சாமத்தில் எழுந்து வர வேண்டாமே!" என்றான்.

நகைப்பு நம் உதடுவரை வந்தது. ஆயினும் நகைத்தோமில்லை. இதுபோன்ற கனவொன்றைக் கண்டு நகைத்த குற்றம் அறுபது ஆண்டுகளாக நம் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கிறது.

இராசிபுரத்திற்கு அருகிலுள்ள நம் ஊர், 1960-களில் பிரிக்கப்படாத சேலம் மாவட்டத்தில் இருந்தது. நம் கிணற்றுக்கு அப்போது மின்சாரம் வரவில்லை, கவலை ஏற்றந்தான். விடியுமுன்பே தந்தையார் காளைகளைப் பூட்டிவிடுவார். காளைகள் சரிவில் இறங்க, உருளை கிறீச்சிட, சால் நீரோடு மேலே வரும். தும்பி வழியாக நீர் வாய்க்காலில் கொட்டும். பின்னர் காளைகள் பின்புறமாகவே மேடேற வேண்டும். இவ்வாறு நாளெல்லாம் இறக்கமும் ஏற்றமும். ஒரு கடுங்கோடையில் செவலைக்காளையின் கழுத்து புண்ணாகிவிட்டது. மாற்று மாடு வாங்கப் பணமில்லை.

நம் சிற்றப்பா நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் பணிபுரிந்தார். ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்து வீடு வந்ததும் கொட்டகைக்குள் புகுந்துவிடுவார். பழைய வண்டிச் சக்கரம் ஒன்றின் விளிம்பில் மடங்கி விரியும் இரும்புக் கைகளைப் பொருத்தி, அவற்றின் முனைகளில் எடைகளைக் கட்டினார். ஒரு பக்கத்துக் கைகள் விரிய, மறுபக்கத்தவை மடங்க, சக்கரம் தானே சுற்றிக்கொண்டிருக்கும் என்பது அவர் எண்ணம். அச்சினை லாரியிலிருந்து கழித்த இரண்டு பால்பேரிங்குகளில் நிறுத்தியிருந்தார்.

ஓர் அந்திப்பொழுதில் ஊரார் முன்னிலையில் அதைச் சுழற்றிவிட்டார். ஓசையின்றி, வெகு அழகாகச் சுற்றியது. நாம் சிறுவர்கள் எண்ணிக்கொண்டே நின்றோம். சற்று நேரத்தில் வேகம் தளர்ந்தது, முன்னும் பின்னும் ஆடியது, நின்றது. நாம் கைகொட்டிச் சிரித்தோம். பெரியோரும் சிரித்தனர். சிற்றப்பா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு தந்தையார் நம்மை அழைத்து, "அவன் மாட்டுக்காகச் செய்தான்டா" என்றார். அவ்வளவே.

மறுநாள் சிற்றப்பா அந்தப் பேரிங்குகளைக் கழற்றிக் கவலை உருளையில் பொருத்தினார். கிறீச்சொலி நின்றது. சாலின் பாரம் குறையவில்லை. ஆனால் உராய்வில் வீணாகிய உழைப்பு மிச்சமாயிற்று. காளைகளின் நடையிலேயே அது தெரிந்தது.

நிற்காத இயந்திரத்தின் மீது மனிதனுக்கு ஆசை எங்கே பிறக்கிறது? பேராசையில் என்பர். அதை விற்க வருவோரிடம் அது பேராசையாக இருக்கலாம். ஆனால் முதன்முதலில் அது பிறப்பது பெரும்பாலும் இரக்கத்தில். ஓய்வின்றி உழைப்பவரைக் கண்ட நெஞ்சில். அத்துடன், ஒருமுறை தள்ளிவிட்டால் நெடுநேரம் சுற்றும் சக்கரத்தையும் கண் காண்கிறது. ஏறத்தாழ ஓயாததைக் கண்ட கண், அறவே ஓயாததும் உண்டென நம்பத் தொடங்குகிறது.

பேரறிஞரும் இக்கனவுக்கு விலக்கல்லர். 1150-ஆம் ஆண்டில் பாஸ்கராச்சாரியார் தம் சித்தாந்த சிரோமணியில், துளையுள்ள ஆரங்களில் பாதியளவு பாதரசம் அடைத்த சக்கரம் தானே சுழலும் என எழுதினார். 1618-இல் ஆங்கிலேய மருத்துவர் இராபர்ட் ஃபிளட் வெளியிட்ட நூலில், விழும் நீரால் சக்கரம் சுழன்று, அச்சக்கரமே நீரை மீண்டும் மேலேற்றும் ஆலையின் படம் உள்ளது. நம் பேரன் கேட்டதும் அதுவேயன்றோ! இத்தகைய இயந்திரங்களை இனி ஆராய்வதில்லை என்று பாரிசு அறிவியல் கழகம் 1775-இல் முடிவு செய்தது. 1840-களில் ஜூல் முதலிய அறிஞர், உராய்வில் மறைவதாய்த் தோன்றும் ஆற்றல் வெப்பமாக மாறுவதை நிறுவினர். ஆற்றல் அழிவதில்லை, ஒன்றுமில்லாமையிலிருந்து தோன்றுவதுமில்லை.

ஆனைமலையில் 1980-களின் இறுதியில் அமைக்கப்பட்ட காடம்பாறை மின்நிலையம், மேலே ஏற்றிய நீரைக் கீழே விழச்செய்து மின்சாரம் தருவது. ஆயினும் ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரம், இறங்கும்போது கிடைப்பதைவிட அதிகம். தேவை குறைந்த வேளையில் மிஞ்சுவதைச் சேமித்து, தேவை மிகுந்த வேளையில் தருவதே அதன் பயன். 1934 முதல் மேட்டூரில் தேங்கும் காவிரியைக் கடலினின்று மீண்டும் குடகு மலைக்கு ஏற்றுவது யார்? கதிரவன். அதுவும் தன்னை எரித்தே தருகிறது.

அசைகின்ற ஒவ்வொன்றும் பிறிதொன்றால் அசைக்கப்படுகிறது என்றும், அந்தத் தொடரின் தொடக்கத்தில் எதனாலும் அசைக்கப்படாத இறைவன் இருக்கிறார் என்றும் புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். இதை நாம் நூலில் படித்தது பிற்காலத்தில். கொட்டகையில் நின்றுபோன அந்தச் சக்கரம் முன்னமே சொல்லிவிட்டது. படைப்பில் தனக்குத்தானே போதுமானது ஒன்றுமில்லை. யாவும் பெற்றுக்கொண்டே வாழ்கின்றன.

இவற்றையெல்லாம் பேரனிடம் நாம் பிரசங்கிக்கவில்லை. "மோட்டாரைத் தொட்டுப் பார்" என்றோம். தொட்டவன் வெடுக்கெனக் கையை எடுத்தான்.

"இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?"

சிறிது எண்ணி, "மின்சாரத்திலிருந்துதான். அப்படியானால் மின்சாரம் முழுவதும் தண்ணீரைத் தூக்கப் போகவில்லையா, தாத்தா? சக்கரம் வைத்தால் பாதியாவது திரும்பி வருமா?" என்றான்.

"பாதிகூட வராது, கண்ணு."

அவன் முகம் வாடியது. அப்போதுதான் சிற்றப்பாவின் கதையை அவனுக்குச் சொன்னோம். கேட்டு முடித்ததும், "அந்தப் பேரிங்குகள் இப்போது எங்கே?" என்றான். பரண் மேலிருந்து எடுத்துக் கொடுத்தோம். மண்ணெண்ணெயில் துடைத்துத் துரு நீக்கி, விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இத்தகைய கேள்வியோடு வந்தால் நகைக்காதீர்கள். அவன் யாருக்காக அதைக் கேட்கிறான் என்று முதலில் வினவுங்கள். சுமையை அறவே நீக்கும் ஆற்றல் நமக்கு அருளப்படவில்லை. பிறர் சுமக்கும்போது உராய்வைக் குறைக்கும் ஆற்றல் எல்லோருக்கும் அருளப்பட்டிருக்கிறது.

சிற்றப்பா இறைவனடி சேர்ந்து பல்லாண்டுகள் ஆகின்றன. நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டதேயில்லை. இவ்வாண்டு நவம்பரில் கல்லறைத் தோட்டத்திற்குப் பேரனையும் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம்.