இரைப்பை சுருங்கிய பிறகு

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒருத்தர் மெலிஞ்சுட்டா முதல் கேள்வி: "என்னப்பா, சுகர் வந்துடுச்சா?"
எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிஞ்சு ஊர் திரும்புறவருக்கு இந்தக் கேள்வி எப்படி வலிக்கும்!

அரசியல் தலைவர்கள் நிதின் கட்கரி 2011இலும் அருண் ஜேட்லி 2014இலும் இந்த அறுவையைச் செய்துகிட்டது நாடறிஞ்ச செய்தி. அப்போ நம்ம பேச்செல்லாம் எடையைப் பத்தித்தான், மனசைப் பத்தி இல்லை.

இந்த அறுவையில் ஒரு வகையான ஸ்லீவ் முறையில் இரைப்பையில் சுமார் 80 சதவீதத்தை எடுத்துடுறாங்க. பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோனும் குறையுது.
ஆனா துக்கத்துக்கும் தனிமைக்கும் சாப்பிட்டே பழகின மனசு அப்படியேதான் இருக்கு. அதனாலதான் அறுவைக்கு முன்னாடியே உளவியல் மதிப்பீடு. மனச்சோர்வு இருக்கா, குடி இருக்கா, அடக்க முடியாத தீனி இருக்கான்னு கேட்பாங்க. தயவுசெய்து மறைக்காதீங்க.

பின்னாடியும் கவனம் வேணும். இன்னொரு வகையான இரைப்பை பைபாஸ் செய்துகிட்டவங்களிடம் இரண்டாம் வருஷத்தில் மதுச் சிக்கல் கூடுறதை 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டுச்சு. தளர்ந்து தொங்குற தோலைக் கண்ணாடியில் பார்த்து ஒடுங்கிப்போறவங்களும் உண்டு.

நம்மது நெல்லு விளையுற ஊர். "இன்னும் ஒரு கரண்டி"ங்கிறதுதான் இங்கே பாசம்.
நாலு கவளத்தோட இலையை மூடுறவரைக் கோவிச்சுக்காம விட நம்ம வீடுகள் தயாரா?