மித்ர சக்தியும் அப்பாயியின் குடும்ப அட்டையும்

இந்திய ராணுவமும் இலங்கை ராணுவமும் 2013 முதல் சேர்ந்து நடத்தும் பயிற்சிக்கு 'மித்ர சக்தி' என்று பெயர். ஒரு முறை அங்கே, ஒரு முறை இங்கே. 2024 ஆகஸ்டில் இலங்கையின் மாதுரு ஓயாவில் நடந்தபோது இந்தியாவிலிருந்து ராஜ்புதானா ரைபிள்ஸ் வீரர்கள் உட்பட 106 பேர் போனார்கள். அந்தப் பக்கம் கஜபா படைப்பிரிவு. கடற்படைகளுக்கு 2005 முதலே தனியாக ஒரு கூட்டுப் பயிற்சி இருக்கிறது. 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கென்று புரிந்துணர்வு ஒப்பந்தமும் கையெழுத்தானது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டுங்கள் என்று அந்நாட்டு எதிர்க்கட்சிகள் கேட்டன.

இரண்டு பக்கத்து நாடுகள் சண்டை போடாமல் சேர்ந்து பயிற்சி எடுப்பது நல்லதுதானே என்று ஒரு தம்பி கேட்டான். நல்லதுதான். போரில் முதலில் சாவது யார் என்று நமக்குத் தெரியும். ஆனால் இந்த இரண்டு அரசுகளும் கைகுலுக்கிய வரலாறு மித்ர சக்தியில் தொடங்கவில்லை. அதற்கு முன்பு ஒரு முறை கைகுலுக்கினார்கள். அந்தக் கைகளுக்கு நடுவில் சிக்கியவர்கள் நாம்.

1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. தேயிலைக்காடு உண்டாக்க வெள்ளைக்காரன் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிப்போன மக்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். சேரியில் குடிக்கக் கஞ்சியும் உழ நிலமும் இல்லாததால் கங்காணியின் பின்னால் நடந்தவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். எங்கே வாழ விருப்பம் என்று அந்த மக்களைக் கேட்டு இந்த எண்கள் வரவில்லை. எண்ணை முதலில் முடிவு செய்தார்கள், ஆட்களைப் பிறகு தேடினார்கள்.

அப்படித் தேடிப் பிடிக்கப்பட்ட எண்ணிக்கையில் என் அப்பாயியும் ஒன்று. அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தது. அதன் தங்கச்சிக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது, அப்பாயிக்கு இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கி, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தது. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம். மறுபடியும் அதே லயம், அதே கூடை, அதே அட்டைப்பூச்சி. 'தாயகம்' என்ற சொல்லை அப்பாயி ஒரு நாளும் சொன்னதில்லை. 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்றுதான் சொல்லும். தங்கச்சியை மறுபடி பார்க்காமலே செத்துப்போனது.

நான் வளர்ந்த லயத்திலிருந்து பஸ் ஏறினால் வெலிங்டன். அங்கே முப்படை அதிகாரிகள் படிக்கும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி இருக்கிறது. நட்பு நாடுகளின் அதிகாரிகளும் வந்து படிப்பார்கள், இலங்கை அதிகாரிகளும் உண்டு. 2013-இல் இலங்கை அதிகாரிகளைத் திருப்பி அனுப்பு என்று தமிழ்நாடே கொதித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தாம்பரத்தில் பயிற்சிக்கு வந்த இலங்கை விமானப்படையினரை எதிர்ப்புக்குப் பிறகு பெங்களூரு எலஹங்காவுக்கு மாற்றியிருந்தார்கள். நான் அப்போது கல்லூரி மாணவன். குன்னூரில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் நானும் நின்று முழக்கம் போட்டேன். முள்ளிவாய்க்காலுக்கு நியாயம் கேட்ட அந்த முழக்கத்தில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அன்று பேசிய ஏழெட்டுப் பேரில் ஒருவர்கூட, மேலே மலையில் தெரிந்த லயங்களைக் கைகாட்டி, 'இவர்களும் இலங்கையிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்கள்தான்' என்று சொல்லவில்லை. ஊரில் எங்களுக்குப் பெயர் 'சிலோன்காரங்க'. தமிழர் என்று கணக்கெடுக்கும்போது விட்டுப்போகிறவர்கள் யார் என்று அன்றைக்குத்தான் யோசிக்கத் தொடங்கினேன்.

ராணுவம் என்றாலே விலகி நில்லுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அண்ணல் அம்பேத்கர் பிறந்தது மாவ் ராணுவக் குடியிருப்பில். அப்பா ராம்ஜி சுபேதார், ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். ஊர்ப் பள்ளி நமக்குக் கதவைச் சாத்திய காலத்தில் ராணுவப் பள்ளி திறந்திருந்தது. பிறகு 'போர்க்குணம் கொண்ட சாதிகள்' என்று வெள்ளைக்காரன் ஒரு பட்டியல் போட்டு மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினான். அதை எதிர்த்து வாதாடியவர்களில் அண்ணலும் ஒருவர். 1941-இல் மகர் படைப்பிரிவு உருவானது. 1943-இல் உருவாக்கிய சமார் படைப்பிரிவை 1946-இல் கலைத்துவிட்டார்கள். யாருடைய வீரத்துக்குப் பெயர்ப்பலகை, யாருடையதைக் கலைப்பது என்பதிலும் சாதி இருந்தது. ஆகவே சீருடையை அல்ல, அதன் பின்னால் இருக்கும் கணக்கைத்தான் நாம் கேள்வி கேட்கிறோம்.

என் கணக்கு இதுதான். பாதுகாப்பு என்று வந்தால் இரண்டு அரசுகளுக்கும் நாள்காட்டி இருக்கிறது. எங்கே, எத்தனை பேர், எத்தனை நாள் என்று எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பிரித்துக்கொண்ட மக்கள் என்று வந்தால் அந்த ஒழுங்கு எங்கே போனது? ஒப்பந்தத்தை 15 ஆண்டுகளில் முடிப்பதாகச் சொன்னார்கள். இலங்கையில் மிஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் வந்தது. 1948-லிருந்து எண்ணினால் 55 ஆண்டு.

இந்தப் பக்கம் வந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் காகிதத்துக்கு அலைகிறோம். என் தங்கச்சி நர்சிங் படிக்கப்போனபோது சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். ஓர் அலுவலகத்தில், 'உங்க பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊர்? அதற்கு ஆதாரம் கொண்டா' என்றார்கள். கடவுச்சீட்டுக்கு எழுதிக் கொடுக்கும்போது பூர்வீக ஊரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள் என்று அப்பாயி சொல்லும். அந்தக் காகிதம் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. சேரியில் பிறந்ததால் போன பாட்டனை, சேரி என்று நிரூபிக்க முடியாததால் பேத்தி சுமக்கிறாள். எட்டு மாதம் நடந்தோம். முதல் வருட உதவித்தொகை போனது போனதுதான்.

கடலில் போகும் கப்பல்களின் தகவலை இரு நாடுகளும் பகிர்ந்துகொள்ள முடிகிறதென்றால், தோட்டத்துப் பிறப்புப் பதிவையும் கடவுச்சீட்டு விண்ணப்பத்தையும் ஏன் பகிர முடியாது? அதற்குத் துப்பாக்கியும் வேண்டாம், ஹெலிகாப்டரும் வேண்டாம். ஓர் எழுத்தர் போதும்.

தோழர்களே, அடுத்த கூட்டுப் பயிற்சிச் செய்தி வரும்போது 'நட்பு' என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். அந்த நட்பு யாரைப் பேசவிட்டது, யாரை எண்ணி மட்டும் பார்த்தது என்று கேளுங்கள். நீலகிரியிலும் வால்பாறையிலும் உங்கள் ஊரிலும் தாயகம் திரும்பிய குடும்பங்கள் இருக்கும். அவர்களின் பெட்டியில் மடித்து வைத்த குடும்ப அட்டையும் பழைய கடவுச்சீட்டும் இருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே போய்ப் படம் எடுங்கள், பூர்வீக ஊரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு அரசு ஆதாரம் கேட்கும்போது நம் கையில் நம்முடைய பதிவேடு இருக்க வேண்டும்.