பாய் விரித்தால் ஒழுகிய வள்ளம்

அம்மானுடைய வள்ளத்தை நாம் முதன்முதல் கண்டபோது எமக்கு வயது ஐந்தோ ஆறோ இருக்கும். வெள்ளை உடலும் நீலக் கரையுமாக அது துறையிலே கட்டப்பட்டிருந்தது. மரத்தோணியோடு வாழ்ந்து பழகிய கிழவர்கள் அப்போதும் அதனைப் ‘பிளாஸ்ரிக் வள்ளம்’ என்று சற்று ஏளனமாகவே அழைத்தனர். கண்ணாடியிழையும் றெசின் என்னும் பிசினும் சேர்ந்து இறுகிய உடல் அது. ஆகவே அப்பெயர் முற்றிலும் பிழையன்று. நோர்வே நாட்டவரின் உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் பட்டறையில் இத்தகைய வள்ளங்கள் பல கட்டப்பட்டதை எம் ஊரவர் நன்கறிவர். மரத்தைப்போல் உளுத்துப்போகாது, கலப்பற்று வேண்டாம் என்பதே அவற்றுக்கிருந்த பெரும் புகழ். “ஒழுகாது” என்றுஞ் சிலர் சொன்னார்கள். அதைத்தான் நாம் இங்கு எழுத வந்தோம்.

தந்தையாரை இளவயதிலே இழந்த எமக்குப் புத்தகமும் சப்பாத்தும், பின்னர் பல்கலைக்கழகத்து விடுதிச் செலவும், அவ்வள்ளம் கொண்டுவந்த மீனிலிருந்தே கிடைத்தன. இன்று கல்லூரியொன்றில் இரசாயனம் படிப்பிக்கிறோமெனில், அந்த இரசாயனத்தின் பாதி அவ்வள்ளத்துக்கு உரியது.

1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. வள்ளத்து இயந்திரம் சாக்கினுள் உறங்கிற்று. அம்மான் வள்ளத்தின் நடுவே பாய்மரம் நாட்டினார். ஆயினும் இயந்திரத்துக்கென வார்க்கப்பட்ட வள்ளத்துக்கு அடி தட்டை. பாய் விரித்தால் முன்னே போவதிலும் பார்க்கப் பக்கவாட்டிலே நழுவுவது அதிகம். அதைத் தடுக்க, வேப்பம் பலகையால் நீண்டதோர் ஏராவைச் செய்து, அடியைத் துளைத்து எட்டுப் போல்ற் ஆணிகளால் இறுக்கினார். பின்பு மண்ணெண்ணெய் வந்தது. பாய்மரம் இறக்கப்பட்டு வீட்டுத் தாழ்வாரத்திற் செருகப்பட்டது. ஏராவை மட்டும் எவரும் கழற்றவில்லை.

2022ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அப்பாய்மரம் மறுபடியும் இறங்கிற்று. நாடெங்கும் எரிபொருட் பஞ்சம். பெற்றோலுக்கு நின்ற வரிசைகளை வாசகர்கள் மறந்திரார். மண்ணெண்ணெய்க்கு வரிசையிலே நின்றும் பயனில்லாத நாள்கள் பல. தொழில் செய்வது இப்போது அம்மானுடைய மகன், எமது மைத்துனர். இரண்டு பிள்ளைகள்; மூன்று வாரமாக வருமானமில்லை. பாடசாலைகள் மூடிக்கிடந்தமையால் எமக்கும் ஓய்வு. “நாற்பது வருசத்து வள்ளம், ஒருக்காப் பாத்துப் போட்டுத்தான் பாயைப் போட வேணும்” என்றார் அம்மான். எழுபது கடந்த அவருக்குக் குனிந்து வேலை செய்ய இயலாது. நாம் பொறுப்பேற்றோம். றெசின் என்பது இரசாயனமன்றோ?

வள்ளத்தைக் கரையேற்றிப் புரட்டியபோது, பின்பக்கத்து அடியிலே, மணலில் இழுத்து இழுத்துத் தேய்ந்த இடத்தில், ஒரு சாண் நீள வெடிப்புக் கண்டோம். குடத்தைத் தட்டிப் பார்ப்பதுபோலச் சுத்தியற் பிடியால் அடியெங்கும் தட்டினோம். நல்ல இடம் ‘டக்’கென்றது, வெடிப்பின் அருகில் ஓசை செத்திருந்தது. வேறு சில இடங்களிற் கொப்புளங்கள். ஒன்றைக் குத்தியபோது புளித்த மணத்தோடு நீர் கசிந்தது. நீல லிற்மசுத் தாள் அதிற் சிவந்தது. நெடுங்காலம் நீரிற் கிடக்கும் றெசினுள் நீர் மெல்லமெல்ல ஊடுருவி அமிலத்தை உண்டாக்கும் என்று படித்ததை அன்றுதான் கையாலே தொட்டோம்.

வெடிப்பைச் சுற்றித் தேய்ப்பதே பெருவேலை. உடல் 5 மில்லிமீற்றர் தடிப்பெனில், ஓரத்தை ஏறத்தாழ 60 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்கவேண்டும். பழைய றெசினோடு புதியது இரசாயன முறையிற் கூடுவது மிகக் குறைவு. சொரசொரப்பைப் பற்றிக்கொண்டே அது நிற்கும். அந்தக் கண்ணாடித் தூளின் அரிப்பு மூன்று நாள் எம்மை உறங்கவிடவில்லை. அவ்வுடையை வீட்டாரின் உடைகளோடு தோய்க்கப் போட்டதற்காக எம் மனையாளிடம் வாங்கிய பேச்சை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

முதற் கலவையை நாம் பாழாக்கினோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு கிராம் றெசினுக்குக் கடினமாக்கி ஒன்று முதல் இரண்டு கிராம் போதும். உச்சிவெயிலில், உறுதியாயிருக்கட்டும் என்று சற்றுக் கூடவே வார்த்தோம். தூரிகையை எடுக்குமுன் பேணி கொதித்துப் புகைந்து கல்லாயிற்று. மறுநாள் காலைக் குளிர்ச்சியில் அளந்து கலந்து, இழைவிரிப்பை நான்கு அடுக்காக வைத்து, காற்றுக்குமிழ்களை உருட்டி நீக்கி முடித்தோம். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது.

வள்ளத்தை ஆழமில்லாத நீரில் ஒரு பகலும் ஓரிரவும் மிதக்கவிட்டோம். ஒரு துளி இல்லை. மைத்துனரின் மனைவி எமக்குத் தேநீரோடு பனங்கட்டியும் தந்தார். அத்தேநீரின் நினைவு இன்றும் எம்மை வெட்கப்படுத்துகிறது.

மறுநாள் மைத்துனரும் நாமும் பாய் விரித்துப் புறப்பட்டோம். சோழகம் நன்றாக வீசிற்று. வள்ளம் ஒருபுறம் சரிந்து விரைந்தது. கால்மணி நேரத்துக்குள் பலகைத் தட்டின் கீழே ஏதோ ‘சளக்’கென்றது. பலகையைத் தூக்கினால் கணுக்கால் அளவு தண்ணீர். பாயை இறக்கி, இருவரும் தகரத்தால் இறைத்து இறைத்துத் துடுப்போடு கரைசேர்ந்தோம். பரவைக்கடல் ஆழமில்லாதது, ஆபத்தென்று சொல்வதற்கில்லை. ஆனால் வலை விரித்த இருட்டில், தனித்து நின்று அத்தண்ணீரை மைத்துனர் கண்டிருந்தால்? அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. எம் ஒட்டிலேதான் பிழையென்று நாம் அதனைச் சுரண்டிப் பார்க்க முனைந்தோம்.

அம்மான் கைத்தடியோடு வந்து நின்றார். “தம்பி, சும்மா கிடக்கேக்க ஒழுகேல்லை, பாய் இழுக்கேக்க ஒழுகுது. அப்ப பாய் எதைப் பிடிச்சு இழுக்குதெண்டு பார்” என்றார்.

அவர் சொற்படி வள்ளத்தை நிமிர்த்தி, ஏரா நிலத்தில் முட்டாதவாறு இருபுறமும் பழைய ரயர்களை அடுக்கி அவற்றின்மேல் இருத்தினோம். உள்ளே நான்கு வாளித் தண்ணீர் வார்த்து, உடுப்புக்குப் போடும் நீலத்தை அதிலே கரைத்தோம். நிறைய வார்த்தால் நீரின் பாரமே தாங்கலில்லாத அடியை வளைத்துவிடும் என்று அம்மான் தடுத்தார். கீழே ஒரு துளியுமில்லை. பின்னர் ஏராவிற் கயிறு கட்டி மைத்துனரைப் பக்கவாட்டில் இழுக்கச் சொன்னார். இழுத்ததும், பலகையும் வள்ளமும் பொருந்திய கோட்டில், மூன்றாம் நான்காம் ஆணிகளின் அருகே, நீலத் துளிகள் அரும்பின. விட்டதும் நின்றன. மறுபடி இழுத்ததும் மறுபடி அரும்பின.

காற்று பாயைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஏரா நீரை எதிர்த்து நிற்கிறது. அந்த முறுக்கம் முழுவதையும் அவ்வெட்டுத் துளைகளே தாங்குகின்றன. ஆணிகள் துருப்பிடித்து மெலிந்து, துளைகள் முட்டைவடிவாகத் தேய்ந்திருந்தன. உட்புகுந்த நீர் தாழ்வான பின்பக்கத்துக்கு ஓடிச் சேர்ந்தது. ஆங்கே வெடிப்பொன்றைக் கண்டதும் நாம் அதனோடு தேடலை நிறுத்திக்கொண்டோம். நெம்புகோலை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கரும்பலகையில் வரைந்து காட்டுபவர்தாம் நாம்.

ஏராவைக் கழற்றினோம். துளைகளை நல்ல பாகம் தெரியும்வரை பெருப்பித்து, உப்புப் போக நன்னீரால் பலமுறை கழுவினோம். உப்பு எஞ்சினால் ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். ஒரு வாரம் வெயிலிற் காயவிட்டு, நறுக்கிய இழை கலந்த றெசினால் துளைகளை அடைத்து, உட்புறம் நெடுக அகலமாக ஐந்து அடுக்கு வைத்தோம். புதிய துளைகள், புதிய துருப்பிடியா ஆணிகள், ஒவ்வோர் ஆணிக்கும் உள்ளே பாரத்தைப் பரப்பும் உலோகத் தட்டு. அத்தட்டுகளை எங்கிருந்தோ மைத்துனர் தேடி வந்தார்; விலையை எமக்குச் சொல்லவில்லை.

ஆடி மாத நடுவில் மீண்டும் பாய் விரித்தோம். இம்முறை அம்மானும் ஏறினார். சோழகம் முன்னையிலும் பலமாக வீசியது. வள்ளம் சரிந்தபோதெல்லாம் அவர் பலகையைத் தூக்கிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். தெறித்த அலைநீர் சிறிது இருந்ததேயன்றி வேறில்லை. வேலணைப் பக்கம்வரை சென்று திரும்பினோம்.

அன்று மாலை மைத்துனரின் மனைவி, இனி இது வேண்டாமென்று, தண்ணீர் இறைத்த தகரத்தை எடுத்துச் சென்று கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தார். விடியற்புறம் மைத்துனர் தொழிலுக்குப் புறப்படுமுன் அம்மான் அதனைத் தேடியெடுத்துக் கழுவி, பழைய இடத்திலேயே கயிற்றாற் கட்டிவைத்தார்.