சூரமங்கலத்துச் சமவெளியில் வெள்வேல்

சேலம் சந்திப்பு என்று தாங்கள் இறங்கும் ரயில் நிலையம் அமைந்திருப்பது சூரமங்கலத்தில்தான். அங்கிருந்து கஞ்சமலைப் பக்கமோ, தெற்கே நாமக்கல் பக்கமோ செல்ல நேர்ந்தால் வரப்புகளையும் புறம்போக்குகளையும் சற்றே உற்று நோக்குங்கள். மேட்டு நிலத்து முட்செடிகளெல்லாம் ஒன்றல்ல.

நம் மண்ணுக்கே உரியது வெள்வேல். வெண்மஞ்சள் கலந்த அதன் பட்டையே அதற்குப் பெயராயிற்று. ராக்ஸ்பர்க் என்ற தாவரவியலார் சூட்டிய ‘லூக்கோஃப்ளோயியா’ என்ற பெயருக்கும் வெண்பட்டை என்பதே பொருள். ‘அக்கேசியா’ என்ற குலப்பெயர் ஆஸ்திரேலிய வேல்களுக்கே என 2005-இல் முடிவாகி, 2011-இல் உறுதியானது. அதனால் நம் வெள்வேல் இன்று ‘வச்செலியா’ ஆகிவிட்டது. மரத்திற்கென்னவோ இதனால் ஒரு நட்டமும் இல்லை!

மழை குறைந்த செம்மண்ணிலும் சரளையிலும் அது குடை விரித்து நிற்கும். காங்கேயம் வட்டாரத்தார் கிளுவை வேலியிட்ட கொறங்காட்டில், கொழுக்கட்டைப் புல்லின் நடுவே இதனை வளர விடுவர். நிழலும் கிடைக்கும், ஆடுகளுக்கு நெற்றும் கிடைக்கும்.

இதன் பட்டையைச் சாராயம் காய்ச்சுவோர் ஊறலில் இட்டனர். அந்தப் பழியை மரத்தின் மேல் சுமத்துவது நியாயமாகாது. பட்டையின் துவர்ப்பு தோல் பதனிடவும் உதவுவது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகளோடு உறவுள்ள நம் குடும்பத்தார் ஆவாரம்பட்டையையும் வாட்டில் பட்டையையும் நன்கறிவர். அந்த வாட்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்த வேல்.

இப்போது கவலைக்குரிய செய்திக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் அயல்நாட்டிலிருந்து வந்த சீமைக் கருவேல் எங்கும் பரவிற்று. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்து அதனை வேரோடு அகற்றும் பணி பல மாவட்டங்களில் மும்முரமாக நடந்தது. அகற்றுவது சரியே. ஆனால் மனை வாங்கிப் பொக்லைன் வைத்து நிலத்தைத் திருத்துகிறவர் “எல்லாம் முள்ளுதானே” என்று வெள்வேலையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறார்.

வேற்றுமை காண்பது எளிது. சீமைக் கருவேலின் பூ, விரல் போல் நீண்ட கதிர். நெற்று மஞ்சள் நிறமாய்ச் சதைப்பற்றுடன் இருக்கும். கருவேலுக்குப் பிளந்த கரும்பட்டை, பொன்னிற உருண்டைப் பூ, மணிமாலை போன்ற காய். வெள்வேலுக்கோ கிளை நுனியில் பெருங்கொத்தாய் வெளிர்மஞ்சள் சிறு உருண்டைகள். காய் மெல்லியது, தட்டையாய் வளைந்தது. ஆவணிக்குப் பின் பூக்கும் காலத்தில் பார்த்தால் ஐயமே எழாது.

தங்கள் தோட்டத்தில் வளர்க்க விரும்பினால் நெற்றைச் சேகரித்து, கடினமான விதையை வெந்நீரில் போட்டு, அந்நீர் ஆறும்வரை ஊறவிட்டு ஊன்றுங்கள். ஆடு வளர்ப்போருக்கு அந்தச் சிரமமும் இல்லை. நெற்றைத் தின்ற ஆடுகளின் புழுக்கையிலிருந்தே கன்றுகள் முளைத்துவிடும்.