முள் ஏறினால் முதலில் எதைப் பார்ப்பது?

செவ்வாய், மாலை

கத்திரி தொடங்கிவிட்டது. அசோக் பில்லர் சிக்னலில் 1998 மாடல் மாருதி 800 ஒன்று நிற்கிறது. ஓட்டுபவர் அசோக் நகர்வாசி, பணி ஓய்வு பெற்றவர். வடபழனிப் பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் நூறடி சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறுகிறது. சிக்னல் விழுந்து வண்டி வேகம் பிடித்ததும் மெல்ல இறங்குகிறது.

வீட்டுக்கு வந்ததும் அவர் இதை நோட்டில் எழுதிவைக்கிறார். அருமையான பழக்கம். “முள் ஏறுது” என்று மட்டும் சொன்னால் எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்கும் ஊகிக்கத்தான் முடியும். எப்போது ஏறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நிற்கும்போது ஃபேனை விட்டால் வேறு கதியில்லை. ஆகவே நின்றால் ஏறி, ஓடினால் இறங்கும் முள் ஃபேன் பக்கம் கை காட்டுகிறது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பையோ வாட்டர் பம்பையோ சந்தேகிக்கலாம். இன்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டர் மட்டும் தொட்டால் சில்லென்று இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டிருக்கிறது.

புதன்

பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் சென்னைக்காரர்கள் எல்லோரும் கேட்டிருக்கும் யோசனை வருகிறது: “தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடலாம் சார். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?”

அவர் வேண்டாம் என்கிறார். அதுதான் சரி. பெரும்பாலான கார்களில் தண்ணீர் சுமார் 82 டிகிரி சூடானதும் தெர்மோஸ்டாட் திறக்கத் தொடங்கும். அதை எடுத்துவிட்டால் இன்ஜின் சூடாக வெகுநேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் சேரும். அதோடு, உண்மையான கோளாறு என்னவென்று தெரியாமலே போய்விடும்.

வியாழன், விடியற்காலை

இரவெல்லாம் ஆறிய இன்ஜின். ரேடியேட்டர் மூடியைத் திறக்க இதுதான் நேரம். மூடி கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 0.9 பார். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், அத்தனையும் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும்.

உள்ளே தண்ணீர் செம்பழுப்பாக இருக்கிறது. வருஷக்கணக்கில் ஊற்றிய போர் தண்ணீர். உப்புத் தண்ணீர் சூடானால் சுண்ணாம்பு படியும். அடுப்பில் வைக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தில் படியுமே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் நடக்கிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் எதுவும் இல்லை. இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் குமிழியும் வரவில்லை. ஹெட் கேஸ்கெட் பிழைத்தது என்று நம்பலாம்.

வியாழன், இரவு

மீட்டரை நம்பலாமா என்ற கேள்வி இப்போதுதான் வருகிறது. சாவியை ஆன் செய்து சென்சார் ஒயரைக் கழற்றுகிறார். முள் அடியில் கிடக்கிறது. ஒயரின் நுனியைக் கணநேரம் இன்ஜினில் தொட்டதும் உச்சிக்குப் போகிறது. சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகைச் சென்சார் இது. அதனால்தான் ஒயர் எங்காவது உரசி எர்த் ஆனாலும் இன்ஜின் கொதிப்பதாகவே முள் காட்டும். இங்கே ஒயர் நன்றாக இருக்கிறது.

ஒயரை மாட்டி, இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போடுகிறார். டெம்பரேச்சர் முள் சட்டென்று ஏறுகிறது. கூடவே பெட்ரோல் முள்ளும் ஏறுகிறது! விளக்கைப் போட்டால் டாங்கில் பெட்ரோல் கூடுமா? மீட்டர் போர்டின் எர்த் சரியில்லை. அந்த ஒயரின் முனை துருப்பிடித்துப் பச்சை பூத்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் இரண்டு முள்ளும் அசையாமல் நிற்கின்றன.

வெள்ளி

பகலில் பார்த்தால் சிக்னலில் முள் இன்னும் ஏறத்தான் செய்கிறது, முன்பைவிட மெதுவாக. ஆக, கோளாறு இரண்டு. ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தால் சுற்றுகிறது; தானாகச் சுற்றுவதில்லை. ஃபேன் சுவிட்ச் போய்விட்டது. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டாலும் ஜி.பி. ரோடு கடைகளில் அதன் உதிரிபாகங்களுக்கு இன்னும் பஞ்சமில்லை. புது சுவிட்சை மாட்டி, ரேடியேட்டரை அலசி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாக ஊற்றுகிறார்.

சனி, நண்பகல்

அதே அசோக் பில்லர், அதே நெரிசல். முள் பாதிக்குச் சற்று மேலே போகும்போது ஃபேன் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்கிறது. முள் இறங்குகிறது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள், ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள். அடுத்த நாள் ஒர்க்‌ஷாப் போகும்போது, நின்றபோது ஏறியதா ஓடும்போது ஏறியதா என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.